தடி ஏந்திய துறவியும் ஏலத் தோட்டமும்

அஹிம்சையைப் பற்றி நாம் அறிய வேண்டியது இனி ஒன்றுமில்லை என்று எண்ணியிருக்கும் வேளையில், எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு வினா எழுந்து நம்மைத் திகைக்க வைப்பதுண்டு. அத்தகைய வினா ஒன்றை அன்பர்கள் முன் வைத்து, நமக்குப் புலப்பட்ட விடையையும் கூற விரும்புகிறோம்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றினின்று பிழைப்பை நாடிப் போடிநாயக்கனூருக்கு வந்த குடும்பம் நம்முடையது. ஏலக்காய் வாணிபத்தில் நாம் அமர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. போடிமெட்டுச் சாலையில் ஏறிச் சென்றால் அடையும் ஏலமலைச் சரிவில் சிறு தோட்டம் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மருமகனின் வாணிபத்தின் பொருட்டுச் சீன தேசம் செல்ல நேர்ந்தது. கராத்தே பயிலும் பேரப்பிள்ளையும் உடன் வந்தான். அவன் விருப்பத்திற்கிணங்கி, ஹெனான் மாநிலத்தில் சோங் மலைப் பகுதியிலுள்ள ஷாவோலின் என்னும் பௌத்தப் பள்ளியைக் கண்டு வந்தோம்.

அப்பள்ளியை நெருங்கும் வழியெங்கும் போர்க்கலைப் பயிற்சிக் கூடங்கள். ஆயிரக்கணக்கான சிறுவர்கள் வரிசை வரிசையாக நின்று உதைக்கவும் குத்தவும் பழகுகின்றனர். உள்ளே, காலஞ்சென்ற துறவிகளின் நினைவாக எழுப்பப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட தூபிகள், அடர்ந்த சோலைபோல் நிற்கின்றன. ஒரு பெரிய மண்டபத்தின் கல்தரையில் வரிசையாகக் குழிகள் காணப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகத் துறவிகள் காலை ஊன்றிப் பயிற்சி செய்ததால் விழுந்த குழிகள் என்று அவற்றைக் காட்டுகிறார்கள். பேரன் வியப்பில் ஆழ்ந்தான். நமக்கோ நெஞ்சில் நெருடல். உலகைத் துறந்தவன் தடியை ஏன் எடுத்தான்?

இப்பள்ளியோடு நம் காஞ்சி மாநகரின் பெயரும் இணைத்துப் பேசப்படுகிறது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே அங்குப் போர்க்கலையைக் கற்பித்தார் என்னும் செய்தி, 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்திற்குப் பின் தமிழ்நாடெங்கும் பரவிவிட்டது. வரலாறு அவ்வளவு எளிதாக அதற்கு இடந்தரவில்லை. 495ஆம் ஆண்டில் வட வேய் மன்னர், பாரத நாட்டிலிருந்து வந்த புத்தபத்திரர் என்னும் துறவிக்காக அப்பள்ளியை அமைத்தார். போதிதருமர் அங்கு வந்தது அதன் பின்னர் என்பதே மரபு. அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய அரச குடும்பத்தவர் என்கிறது. எதுவாயினும், சுவரை நோக்கி அமர்ந்து தியானம் செய்தவராகவே பழைய மரபு அவரைப் போற்றுகிறது. உடற்பயிற்சி நூல் ஒன்றை அவர் பெயரில் ஏற்றியது 17ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே தடி அங்கு வந்த வழியை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த வழியை அங்குள்ள கல்வெட்டே காட்டுகிறது. 728இல் நிறுவப்பட்ட அக்கல்லில், 621இல் நடந்த ஒரு போரைப் பற்றிய செய்தி உள்ளது. அதற்கு முன்பே, சுயி வமிசத்து மன்னர் ஒருவர் அப்பள்ளிக்கு ஒரு பெரும் பண்ணையைத் தானமாக வழங்கியிருந்தார். அவ்வமிசம் வீழ்ந்து நாடெங்கும் குழப்பம் மிகுந்தபோது, கொள்ளையர் பள்ளியைத் தாக்கித் தீயிட்டனர். பண்ணையை ஒரு போர்த்தலைவனின் படை கைப்பற்றிக் கொண்டது. துறவிகள் ஆயுதம் தாங்கி அப்படையை வென்று, பின்னாளில் தாங் வமிசத்துப் பேரரசராக விளங்கிய லீ ஷிமினுக்குத் துணை நின்றனர். பெயர் குறிக்கப்பெற்ற துறவிகள் பதின்மூவர். அதற்குப் பரிசாகப் பள்ளிக்கு மேலும் நிலமும் ஒரு நீராலையும் கிடைத்தன. 1553இல் கடற்கொள்ளையரை எதிர்க்கவும் அத்துறவிகள் அழைக்கப்பட்டனர். வெற்றி பெற்றனர், ஆனால் அப்போரில் கொள்ளையன் ஒருவனின் மனைவியைத் துறவி ஒருவர் இரும்புத் தடியால் அடித்துக் கொன்றார் என்றும் அக்காலக் குறிப்பு உண்டு.

அன்பர்கள் இந்த வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் வந்தது தானம். அடுத்தது, தானமாக வந்த நிலத்தைக் காக்கும் கவலை. அக்கவலையின் கையில் வந்து சேர்ந்தது தடி. பௌத்த சங்க ஒழுக்கமும் துறவி ஆயுதம் ஏந்துவதை ஏற்பதன்று. ஆயினும் பண்ணை உள்ளே நுழைந்தபின் விதி வாயிலில் நின்றுவிட்டது. பகைவன்மேல் கொண்ட வெறுப்பினும், தம்முடையது என்னும் பற்றே அத்துறவிகளை முதலில் போர்க்களத்திற்கு அழைத்தது என்று நமக்குத் தோன்றிற்று.

ஊர் திரும்பியபின் ஒருநாள் பேரனிடம், "இனிக் கராத்தே போதும், நிறுத்திவிடு" என்றோம். அவன் பணிவோடு ஆனால் தெளிவாகக் கேட்டான்: "தாத்தா, தடி எடுத்த துறவியைக் குறை சொல்கிறீர்கள். நான் இதுவரை ஒருவரையும் அடித்ததில்லை. நம் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது எத்தனை உயிர் போகிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?"

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை.

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நால்வகையாகப் பிரித்துள்ளனர். கொல்ல வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. சமையல், துப்புரவு போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிபம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தீங்கு செய்ய வருவோனைத் தடுக்கையில் நேர்வது விரோதி ஹிம்சை. முனிவர் இந்நான்கையும் முற்றத் துறப்பர். சிராவகர் முதலாவதை அறவே விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் கடமை. கோமடேசுவரர் திருவுருவத்தைச் சிரவணபெளகொளாவில் எழுப்பிய சாமுண்டராயர் கங்க நாட்டுப் படைத்தலைவரே. பரதனும் பாகுபலியும் படைகளை மோதவிடாமல், தாம் இருவரே கண்போர், நீர்ப்போர், மற்போர் செய்த வரலாற்றை ஆதிபுராணம் கூறுகிறது. வென்ற பாகுபலி அவ்வெற்றியையே துறந்தார். ஆதலின் தன்னையும் பிறரையும் காக்கும் பொருட்டு இல்லறத்தான் உடலைப் பயிற்றுதல் நம் அறத்திற்குப் புறம்பானதன்று. முதலில் கை ஓங்குவதில்லை, சினத்தால் கை ஓங்குவதில்லை என்னும் இரு நியமங்களோடு பேரன் பயிற்சியைத் தொடர இசைந்தோம்.

ஆனால் அவனுடைய வினாவின் மறுபாதி நம்மைச் சுட்டது. ஏலச்செடியின் பூ ஒரே நாள் வாழ்வுடையது. விடியலில் மலரும் அப்பூ, அன்றைக்கே தேனீ வந்து தீண்டினால்தான் காயாகும். ஆகவே தேனீக்களே இத்தொழிலின் கூலி பெறாத வேலையாட்கள். நாமோ இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அஞ்சி, நாள் குறித்துக் கொண்டு மருந்தடித்து வந்தோம். பூச்சி கண்டபின் அடித்ததைவிட, கண்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அடித்ததே அதிகம். அம்மருந்தில் தேனீயும் மடிந்தது. கைத்தெளிப்பானைச் சுமந்தோரின் உடலுக்கும் ஊறு நேர்ந்திருக்கக் கூடும். இதனை உத்தியோக ஹிம்சை என்று பெயரிட்டு மனத்தைத் தேற்றிக் கொள்ளலாமா? பிரமாதம், அதாவது கவனமின்மையே ஹிம்சையின் உயிர்நிலை என்று உமாசுவாமிகள் வகுத்துள்ளார். கணக்கின்றித் தெளித்த மருந்து தொழிலின் தேவையன்று. அது நம் பேராசையின் தேவை.

அந்த ஆண்டில்தான் பக்கத்துத் தோட்டம் விலைக்கு வந்தது. ஏல விலை உயர்ந்திருந்த காலம். வீட்டில் அனைவரும் வாங்கிவிட விரும்பினர். வாங்கினால் என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதிப் பார்த்தோம். காவலுக்கு இருவர், நாய்கள், காட்டெருமையும் பன்றியும் நுழையாமலிருக்க மின்வேலி, கூடுதல் மருந்து, கடன். பட்டியலைப் படித்தபோது ஷாவோலின் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. பண்ணை முதலில் வரும். தடி பின்னால் வரும். நாம் அத்தோட்டத்தை வாங்கவில்லை. பரிக்கிரக பரிமாண விரதத்தை, அதாவது உடைமைக்கு எல்லை வகுத்தலை, இளமையில் முனிவர் முன் ஏற்றிருந்தும், எல்லையை எண்ணாகக் குறித்தது அன்றுதான். இருக்கும் தோட்டத்தில் பூச்சி கண்ட பகுதிக்கு மட்டும், தேனீ அடங்கியபின் மாலையில் மருந்து என்று வரையறுத்தோம். முதலாண்டில் விளைச்சல் சற்றுக் குறைந்தது. அதனை மறைக்க விரும்பவில்லை. மருந்தை முற்றிலும் கைவிட இன்னும் நமக்குத் துணிவு வரவில்லை என்பதையும் ஒப்புக் கொள்கிறோம்.

போடிக்குத் தெற்கே, உத்தமபாளையத்தில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. அச்சணந்தி அடிகளின் பெயரும் அங்கு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அருகே கருப்பணசாமி கோயில். கருப்பர், அரிவாள் ஏந்தி ஊரைக் காக்கும் தெய்வமென மக்கள் வழிபடுபவர். பேரனோடு சென்ற மாதம் அங்குச் சென்றிருந்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அப்பெருமான்கள் ஆயுதமின்றி நிற்கின்றனர், அமர்ந்திருக்கின்றனர். பறித்துச் செல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை. ஆதலால் காக்க வேண்டியதும் ஒன்றுமில்லை.

இல்லறத்தாராகிய நாம் அந்நிலையை இப்பிறவியில் எட்டுதல் அரிது. நமக்குக் காக்க வேண்டியவை பல உண்டு. அவற்றுள் ஒன்றையாவது ஆண்டுதோறும் குறைத்துக் கொண்டு வருவோமாயின், அந்த அளவிற்கு நம் கையிலுள்ள தடியும் இலேசாகும். தசலட்சண நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் உடைமைகளை வரிசையாக எழுதி, இதனைக் காக்க நாம் எந்த உயிருக்கு ஊறு செய்கிறோம் என்று எதிரே குறித்துப் பார்க்குமாக. அஹிம்சையைப் பற்றி நமக்கு இன்னும் தெரியாதவை எவை என்பதை அந்தத் தாளே நமக்கு உரைக்கும்.