வீட்டின் முகம் யாருக்குரியது?

தன் பொருள்கொண்டு வாங்கிய வீட்டை இடித்தற்கு ஒருவனுக்கு உரிமையில்லை என்றல் நியாயமாமோ? இங்கிலாந்திலே 1967ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வீதிகளைக் காப்புப் பகுதிகளாக்க வழிசெய்தது. ஸ்டாம்போர்டு நகரமே முதற்கண் அவ்வாறாயது. அப்பகுதிகளில் உரிய அனுமதியின்றி வீடிடித்தல் இன்று குற்றமாம். 115 கன மீற்றருக்கு உட்பட்ட சிறு கட்டடங்கள் விலக்குப்பெறும்.

“அரண்மனையைக் காக்க, சிறப்பில்லா என் சிறுவீட்டைக் காப்பது எற்றுக்கு?” என்பான் உரியவன். வினா தக்கதே. ஆயினும், வரிசையாய் நிற்கும் பற்களுள் ஒன்று வீழின் கெடுவது முகமன்றோ? ஒரு வீட்டின் மதிப்பில் ஒரு பகுதி அயல்வீடுகள் தந்தது. அவற்றையுங் கண்டே அவன் விலை கொடுத்தான். அயலார் தந்ததை அழித்தற்கு அவர்தம் இசைவு வேண்டாவோ?

சட்டமும் தன் எல்லை அறிந்ததே. தனிச்சிறப்புடையதெனப் பட்டியலிற் பதியப்படாத வீட்டின் உள்ளறைகளை மாற்றுதற்குக் காப்புப் பகுதி விதி தடையாகாது. புறத்தோற்றமே அதன் காவலுக்குரியது. செலவின்கண்ணேதான் இடர்ப்பாடு. காட்சி பலர்க்கு, கூரையோட்டின் விலையோ பெரும்பாலும் ஒருவன் தலைமேலது. வறியவன் வீட்டில் மழையொழுகுமாயின், அவனுக்கு அனுமதி மறுப்போர் ஓட்டின் விலையிலும் பங்கு கொடுத்தல் வேண்டும். அது செய்யாதவிடத்து அச்சட்டத்தின் நீதி குறையுடையதேயாம்.