கருவுற்றார்க்கு உபவாசமா?



சென்ற தசலட்சணப் பருவத்தில் பாகூர்ப் பக்கத்து உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஆறு திங்கள் கருவுற்றிருந்த மருமகள், மூன்றாம் நாள் உபவாசத்தில் பூசையின்போதே மயங்கி விழுந்தாள். மறுநாள் குருதிச் சோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராமே இருந்தது. கருவுற்றார்க்கு 11-க்குக் குறைந்தாலே சோகையாம். "விரதத்தை எப்படித் தடுப்பது?" என்றார் மாமியார்.

தடுக்கலாம். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஐந்தாவது, நம் பொறுப்பிலுள்ள உயிர்க்கு உணவும் நீரும் மறுத்தல். வயிற்றிலுள்ள உயிரினும் நம்மை அண்டிய உயிர் வேறு உண்டோ? தவத்தையும் அப்பெரியார் ஆற்றலுக்கேற்பவே செய்யச் சொன்னார்.

புலால் உண்ணாத நாம் இரும்புச்சத்தைத் தேடி உண்ணல் வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அச்சத்து உடலில் நன்கு ஏறும். பி12 என்னும் வைட்டமின் செடிகொடிகளில் இல்லை. ஆதலின் பாலும் தயிரும் தவிர்க்கலாகாது. வில்லியனூர், பாகூர் வட்டார அரசு சுகாதார நிலையங்களில் விலையின்றித் தரும் இரும்பு மாத்திரையை நான்காம் திங்கள் முதல் 180 நாள் உட்கொள்க. இரவில் உண்ணாதவர் நண்பகலில் விழுங்கலாம். தேநீருடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ கூடாது. காப்பியும் அவ்வாறே, நம் வீடுகளில் இதுதான் கடினம்!

2016 முதல் திங்கள்தோறும் 9-ஆம் நாள் அரசு நிலையங்களில் கருவுற்றார்க்கு மருத்துவர் சோதனை உண்டு. மாமியார்களே, உடன் செல்லுங்கள். கணவரும் வரட்டும்.

ஒருவர் வினையை மற்றவர் சுமக்கவியலாது என்பது நாம் அறிந்ததே. ஆயினும் எஞ்சிய ஆறு நாளும் அம்மாமியார் ஒருபொழுதே உண்டார். மருமகள் கதிர் மறையுமுன் மும்முறை உண்டாள்.