சிஸ்டர் என்ற சொல்

தாம்பரம் சானடோரியத்தில் காசநோயாளிக்கு மாத்திரை கொடுப்பவரை ‘சிஸ்டர்’ என்கிறோம். உறவுப்பெயர் சூட்டிவிட்டால் கூலி கேட்பது துரோகமாகிவிடும். வீட்டுவேலையில் நாம் பார்த்த தந்திரம்தான்.

2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர்கள், இரண்டாண்டில் பணிநிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது.

நோயாளியை விட்டுவிட்டு வரலாமா என்பது நியாயமான கேள்வி. எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் செவிலியரின் முதல் பொறுப்பு நோயாளியிடமே என்று சர்வதேசச் செவிலியர் பேரவை தன் அறநெறியில் எழுதியது 1973இல். அதன்படி நடக்க, மருத்துவரை மறுத்துப் பேசவும் வேண்டியிருக்கும். ஒப்பந்தம் நீடிக்குமா என்றே தெரியாதவள் நள்ளிரவு வார்டில், “டாக்டர், இந்த டோஸ் அதிகம்” என்று எந்தத் தைரியத்தில் சொல்வாள்?