முதலில் வழக்கு, பிறகு குளிர்ச்சி

வெம்பக்கோட்டை வட்டாரத்தில், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு மருந்து கலக்கும் வேலையை விடிகாலையிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். வெயில் ஏறினால் ஆபத்து. உரசக் கூடாது, ஓங்கி வைக்கக் கூடாது, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சூடு எங்கேயாவது தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு யாரும் தத்துவமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனசில் தங்கிவிட்ட சூட்டை என்ன செய்வது?

இதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில், கண்டியாபுரத்தில், ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. மாவட்டத்தில் குல்லூர்சந்தை, செவலூர் என்று இன்னும் சில. 1983 கலவரத்துக்குப் பின் படகேறியவர்கள் முதல் கடைசிக்கட்டப் போரின்போது வந்தவர்கள் வரை எல்லாரையும் இந்தக் கரிசல் பூமி ஏற்றுக்கொண்டது. 2021-இல் அரசு இவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் சூட்டி, புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்கள் பலருக்குப் பெயின்ட் வேலைதான் பிழைப்பு. ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் இவர்கள் கையால்தான் நிறம்.

இவர்கள் விட்டுவந்த மண்ணில் கண்ணகி தெய்வம். மதுரையை எரித்த பின் கடல் கடந்து போனாள், ஒன்பது இடங்களில் தங்கி, பத்தாவதாக முல்லைத்தீவு வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது அங்குள்ள ஐதீகம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரை அள்ளிவந்து அதில் விளக்கெரிப்பார்கள். உப்புத் தண்ணீரில் திரி எரிவதை, கண்ணீரை அறிந்த சனங்கள் நம்புவதில் எனக்கு வியப்பில்லை. அவள் போன கடலில்தான் அவளைக் கும்பிட்டவர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள்.

மட்டக்களப்பில் சடங்கு இன்னும் விரிவானது. கோயில் கதவு திறந்து, நாள்கணக்கில் கண்ணகி வழக்குரை பாடி, கடைசியில் குளிர்த்தி பாடி அவள் வெம்மையைத் தணிப்பார்கள். அந்த வரிசையை நினைக்க நினைக்க மனம் அடங்குகிறது. ‘பொறுத்துக்கொள் தாயே, நடந்தது நடந்துவிட்டது’ என்று யாரும் தொடங்குவதில்லை. முதலில் வழக்கு. சிலம்பு உடைய வேண்டும், அரசன் தவறு வெளியே வர வேண்டும், ஊர் எரிய வேண்டும். அவள் பக்கத்து நியாயம் ஒரு சொல் குறையாமல் பாடப்பட்ட பிறகுதான் தண்மைக்கு இடம். ஆறுதல் சொல்லப் போகிற நாம் பெரும்பாலும் குளிர்த்தியில் ஆரம்பித்துவிடுகிறோம். பாடுகிறவர்கள் தணிப்பது அம்மனை மட்டும்தானா என்பதை அவர்களே அறிவார்கள்.

அதே மட்டக்களப்பில் 1996-இல் சேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவின் ஓவியர் பால் ஹோகனும் போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். என்ன நடந்தது என்று நேராகக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும் பிள்ளை, கதையில் வரும் யானைக்கு நடந்ததாக எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதுவும் ஒரு வழக்குரைதான்.

கலை என்றதும் சிலருக்கு மேடை நினைவு வந்துவிடுகிறது. அதிகாரி வருகிறார் என்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வரவேற்பு நடனம் ஆடவைப்பதில் யாருடைய சூடும் தணியாது. பிள்ளைக்குத் தலைவலிதான் மிச்சம். பார்க்க ஆளில்லாமலும் நடக்கிற பாட்டைச் சொல்கிறேன்.

வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்களிலும் உண்டு. இருக்கன்குடி மாரியம்மனும் வெம்மை தணிக்கிற தெய்வம்தான். வைப்பாற்றங்கரைக்கு ஆடி வெள்ளியில் போகிற கூட்டத்தில் யார் எந்தத் தீயைச் சுமந்து வருகிறார்கள் என்று யார் கண்டது? முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டும்போது வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் கிடையாது. அக்கரையில் மகனை இழந்தவளும் பட்டாசு ஆபீசில் புருசனை இழந்தவளும் அங்கே ஒரே தாளத்துக்குக் குனிந்து நிமிர முடியும்.

முகாமில் புது வீடுகளை வரிசையாகக் கட்டும்போது நடுவில் ஒரு திடல் விட்டுவைத்தால் தேவலை. அடையாள அட்டை கேட்காத திடல். வைகாசியில் யாராவது ஒரு கிழவி வழக்குரையைத் தொடங்குவாள். முழுதும் பாட அவளுக்கு நினைவிருக்கிறதா, பின்பாட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.