நீலத்தைச் செய்த கால்

ஓவியத் தோழர் ஒருவர் சின்ன வில்லை ஒன்றைக் காட்டினார். அசல் அவுரியிலிருந்து எடுத்த நீர்வண்ணம். ஈரத் தூரிகை பட்டதும் இருட்டப் போகும் வானம் மாதிரி ஆழ்ந்த நீலம் தாளில் இறங்குகிறது. அம்பேத்கரின் கோட்டுக்கு இதைத்தான் பூசப் போகிறாராம். "மெஷின் கிடையாது தோழர். முழுக்கக் கையால செஞ்சது. அதான் இந்த வெலை" என்றார்.

எந்தக் கை என்று கேட்டேன்.

நீலத்தூளை வேலம்பிசினும் தேனும் சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் மணிக்கணக்காக அரைக்கிற கையைச் சொன்னார். அதுவும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது?

திண்டிவனம் பக்கத்து அவுரித் தொட்டிகளை நான் அறிவேன். தழையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, புளித்த சாற்றைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் உதைத்து உதைத்துக் கலக்குவார்கள். பச்சைச் சாற்றில் காற்று ஏற ஏற நீலம் பிறக்கும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, வடித்து, பிழிந்து, கட்டிகளாக அறுத்துக் காயவைப்பார்கள். என் பெரியம்மா அந்த வேலைக்குப் போனவர். "காலு ரெண்டும் நீலமாப் பூடும். தேச்சாலும் போவாது. அந்த நாத்தத்துல சோறு எறங்காது" என்பார்.

ஆக, கையால் அரைக்கப்படுவதற்கு முன்பே இது காலால் செய்யப்பட்ட நீலம். காலில் பிறந்தவன் கீழானவன் என்று சொன்ன தர்மத்துக்குக் கால் செய்த வேலை மட்டும் எப்படிக் கண்ணில் படும்? ஆபத்துக் காலத்தில் வணிகம் செய்து பிழைக்க நேர்ந்தாலும் பிராமணன் விற்கக்கூடாதவை என்று மனு தன் பத்தாம் அத்தியாயத்தில் அடுக்குகிறான். மதுவோடு அவுரியும் அதில் இருக்கிறது.

எங்கள் கை தொட்ட தண்ணீரை ஊர் வாங்காது. எங்கள் கால் கலக்கிய தண்ணீரில் பிறந்த நீலத்தை உலகமே வாங்கும். பொருளிலிருந்து உழைத்தவனைக் கழுவி எடுத்துவிட்டால் தீட்டும் போய்விடுகிறது!

1859 இல் வங்காள விவசாயிகள் அவுரி போட மாட்டோம் என்று எழுந்தார்கள். 1917 இல் சம்பாரண். பயிரிட்டவனின் கண்ணீர் வரலாறு ஆனது. தொட்டியில் நின்றவனை எத்தனை பேர் எழுதினார்கள்? 1897 இல் ஜெர்மானியர்களின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரித் தொழிலைச் சாய்த்தது. இப்போது கைவேலைக்கு மவுசு வந்து அவுரி திரும்பியிருக்கிறது. தொட்டியில் இறங்கியவர்களின் பெயர் வில்லையின் உறையில் இல்லை.

அழகை ரசிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரசிக்கிறவனுக்குக் கேட்கிற கடமை இருக்கிறது. நமக்கும்தான். நம் கொடி நீலம். அந்தத் துணியைச் சாயத்தில் முக்கியவருக்கு என்ன கூலி என்று நாம் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

"அப்ப இதால வரையக் கூடாதுங்கிறீங்களா?" என்றார் தோழர்.

"வரைங்க தோழர். அந்தக் கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நீலம் ஏது? ஆனா அடுத்த வில்லை வாங்கும்போது, இந்த வெலையில தொட்டியில எறங்குனவங்களுக்கு எவ்வளவு போவுதுன்னு கேளுங்க. பதில் வரலன்னா, விடாம கேளுங்க."