இரண்டாவது வேலைக்கு வழி உண்டா?

2024 மார்ச்சில் தாராவியில் கணக்கெடுப்பு தொடங்கியது. அன்றிலிருந்து, சந்துகளில் வீட்டு வாசலோரம் எழுதப்பட்ட எண்களைப் பார்க்கும் குடும்பங்களில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறது மறுசீரமைப்புத் திட்டம். அதற்குப் பின் வந்து 2011-க்குள் குடியேறியவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, ஆனால் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்களுக்கும் அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. முலுண்டுக்கோ தேவ்நாருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஒரேயடியாகத் திருநெல்வேலிக்கே போய்விட்டால் என்ன? செம்பூரில் இதே கேள்வி வேறு வழியாக வருகிறது. பழைய சொசைட்டிக் கட்டடங்கள் இடிபட்டுப் புதிதாக எழும்புகின்றன. கைக்கு வரும் புது ஃபிளாட்டை விற்றால் கோயம்புத்தூரில் தனி வீடு வாங்கி மீதியை வங்கியில் போடலாம். மாட்டுங்காவின் பழைய, குறைந்த வாடகைப் பகடி வீடுகளில் தனியே இருக்கும் முதியவர்களுக்கு ஸ்ரீரங்கமோ வடவள்ளியோ கண்ணில் நிற்கிறது. மும்பைத் தமிழர்களின் மூன்று பேட்டைகளும் ஒரே நேரத்தில் தெற்கே பார்க்கின்றன. மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் ஐந்து லட்சம் பேர். அவர்களில் கணிசமானவர்களை இந்த முடிவு தொடும்.

நம்மவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் வீட்டில் தொடங்கி வீட்டிலேயே முடிகிறது. செம்பூரில் சதுர அடி விலை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கோவையின் பல பகுதிகளில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு நல்ல வீடு கிடைக்கிறது. தாமிரபரணித் தண்ணீர், சிறுவாணித் தண்ணீர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு முற்றம். எல்லாம் உண்மைதான். ஆனால் வீடு ஒரு முறை வாங்குவது. வேலை பல முறை போய்ப் பல முறை தேடுவது. முப்பத்தைந்து வயதில் ஊர் மாறும் குடும்பத்துக்கு இன்னும் இருபத்தைந்து வருட உழைப்பு மிச்சமிருக்கிறது. அத்தனை காலமும் ஒரே நிறுவனம் சோறு போடும் என்று இன்று யாரும் நம்ப முடியாது. ஆகவே ஒரு நடுத்தர நகரத்தை எடைபோட நான் முதலில் கேட்பது இதைத்தான்: அங்கே இரண்டாவது வேலை கிடைக்குமா? இருக்கிற வேலை போனால், வீட்டைக் காலி செய்யாமல் அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்க வேண்டும். கணவனுக்கு வேலை இருக்கிற ஊரில் மனைவிக்கும் அவள் படிப்புக்கும் கைத்திறனுக்கும் ஏற்ற வேலை இருக்க வேண்டும். முதல் வேலையைத் தெரிந்தவர் மூலம் எந்த ஊரிலும் பிடித்துவிடலாம். ஊருக்கு எவ்வளவு ஆழம் என்பது இரண்டாவதைத் தேடும்போதுதான் தெரியும்.

மும்பை நம்மை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்ததற்குக் காரணமும் அதுவே என்று நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களை அழைத்தது தோல் பதனிடும் தொழில். 1971-இல் பாந்த்ராவின் ஆட்டுத்தொட்டி தேவ்நாருக்கு மாறியது. பதனிடும் பட்டறைகளும் காலப்போக்கில் வெளியேறின. ஒற்றைத் தொழிலை நம்பிய ஊராக இருந்திருந்தால் அன்றே காலியாகியிருக்கும். தாராவி காலியாகவில்லை. தோல் பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் வந்தன, துணி தைக்கும் கூடங்கள் வந்தன, பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை வந்தது, விடிகாலையில் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் வீடுகள் பெருகின. மாட்டுங்காவிலும் இதன் இன்னொரு வடிவம் நடந்தது. 1896-இல் வந்த பிளேக்குக்குப் பிறகு 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு எழுப்பிய பகுதியில், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். ஒரு கம்பெனி மூடினால் கோட்டைப் பகுதியில் அடுத்த கம்பெனியின் படி ஏறலாம் என்ற துணிச்சல்தான் அவர்களைக் குடும்பத்தோடு தங்க வைத்தது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்க முடிந்ததும் அப்படித் தங்கியவர்கள் இருந்ததால்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பெரும்பாலோருக்குப் பழைய வேலை திரும்பவே இல்லை. காவலாளியாகவும் நடைபாதை வியாபாரியாகவும் அவர்களில் பலர் மாறியதைப் பார்த்த பிறகும், மும்பை இரண்டாவது வேலை தரும் ஊர் என்று சொல்லலாமா? கிடைத்த வேலை தரம் இறங்கியது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு மில் நகரத்தில் மில் மூடினால் தெரு முழுவதும் ஒன்றாக விழும். இங்கே அதே குடும்பத்தின் பெண்கள் வீட்டிலிருந்தே கூலி வேலை எடுக்கவும், மகன்கள் வேறு தொழிலில் நுழையவும் இடம் இருந்தது. நல்ல ஊர் என்பதற்கு இது சான்றாகாது. விழுந்தவனை மொத்தமாக நசுக்கிவிடாத ஊர் என்பதற்குச் சான்றாகும்.

இந்த அளவுகோலோடு தெற்கே போவோம். திருச்சி நான் விரும்பும் நகரம்: காவிரி, நல்ல கல்லூரிகள், எல்லாத் திசைக்கும் ரயில், விமான நிலையம். ஆனால் அதன் தொழில் முதுகெலும்பு 1960-களில் வந்த பெல் கொதிகலன் தொழிற்சாலை. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. வெல்டிங் தெரிந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்ற காலம் இருந்தது. 2010-களில் அனல் மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது அந்தப் பட்டறைகள் ஒரே நேரத்தில் தத்தளித்தன. ஒரு பட்டறையில் வேலை இழந்த வெல்டருக்குப் பக்கத்துப் பட்டறையிலும் அதே காரணத்தால் வேலை இல்லை. வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: ஆயிரம் வேலைகள் ஒரே வேரில் நின்றால், வேர் ஆடும்போது ஆயிரமும் ஆடும். கோயம்புத்தூரின் கதை வேறு. 1888-இல் முதல் நூற்பாலை, 1930-களில் பைக்காரா மின்சாரத்தால் பெருகிய ஆலைகள், அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யத் தொடங்கி ஜவுளி இயந்திரம், மோட்டார், பம்புசெட், வெட் கிரைண்டர், வார்ப்பாலை, வாகன உதிரிபாகம் என்று கிளைத்த பட்டறைகள். ஐம்பது கிலோமீட்டரில் திருப்பூர். பிறகு மருத்துவமனைகள், பொறியியல் கல்லூரிகள், 2010-இல் டைடல் பூங்கா. நூற்பாலைகள் பல மூடியபோதும் லேத் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் போக இடம் இருந்தது. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் சிறு பட்டறைகள் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஆனால் மின்சாரம் திரும்பியதும் அவற்றில் பெரும்பகுதி எழுந்து நின்றது.

நெல்லைதான் மனதைப் பிசைகிறது, ஏனென்றால் தாராவிக் குடும்பங்களில் பெரும்பாலோருக்குச் சொந்த ஊர் என்ற பிடிப்பு அங்கேதான். 1949-இல் வந்த சங்கர்நகர் சிமென்ட் ஆலையும் விக்கிரமசிங்கபுரத்தின் பழைய நூற்பாலையும் நெடுங்காலம் அந்த வட்டாரத்தின் பெரிய வேலை இடங்களாக இருந்தன. பெண்களுக்குப் பீடி சுற்றும் வேலை, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலியில். இப்போது மாற்றம் தெரிகிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாட்டா பவரின் சூரிய மின்தகடு ஆலை 2024-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறந்தது. மகிழ்ச்சியான செய்திகள்தான். என்றாலும் ஒரு பெரிய ஆலை முதல் வேலையைத் தரும். இரண்டாவது வேலையைத் தர அதைச் சுற்றி ஐம்பது சிறிய ஆலைகள் முளைக்க வேண்டும். அதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

பெண்களின் வேலையை நான் தனியாகப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊர் மாறும் முடிவை எடுக்கும்போது மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் மிக அதிகமாக இழப்பதும் வீட்டுப் பெண்தான். மும்பையில் ஒரு பெண் இரவு ஒன்பது மணிக்கு லோக்கலில் பெண்கள் பெட்டியில் ஏறி வீடு திரும்புவது செய்தியே இல்லை. 1992 முதல் பெண்களுக்கென்றே முழு ரயில் ஓடுகிறது. கோவைக்கும் மதுரைக்கும் கேட்ட மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கை கேட்கும் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது காரணம். ஆகவே இந்த நகரங்களில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத பெண்ணின் உலகம் முதல் சில மாதங்களிலேயே சுருங்கிவிடும். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தாராவியில் அப்பளமும் ஜரிகை வேலையும் செய்து கூலி வாங்கும் பெண்ணுக்குக் கோவையிலோ திருப்பூரிலோ பி.எஃப். பிடிக்கும் வேலை கிடைக்கக்கூடும். அந்த வகையில் மாற்றம் அவளுக்கு ஏற்றமே. வங்கியிலும் பெரிய அலுவலகத்திலும் மேலே வந்துவிட்ட செம்பூர்ப் பெண்ணுக்கு அப்படியல்ல. அவளுக்கு இணையான நாற்காலி அங்கே மிகக் குறைவு.

என் அளவுகோலைத் தள்ளிவைக்கச் சொல்லும் எதிர்வாதங்களில் ஒன்று மிகக் கனமானது. 1990-இல் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த இடஒதுக்கீட்டைக் கோர முடியாது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர் மகாராஷ்டிரத்தில் வசித்ததைக் காட்ட முடியாத தாராவி ஆதிதிராவிடக் குடும்பங்களின் பிள்ளைகள் பொதுப் பிரிவில்தான் போட்டியிடுகிறார்கள். சேரிச் சந்தில் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் படித்து, எந்தச் சலுகையும் இல்லாமல். இதைவிட அநியாயமான எல்லைக்கோடு எனக்குத் தெரியவில்லை. சொந்த மாநிலத்தில் ஆவணங்கள் சரியாக இருந்தால் அந்த உரிமை மீண்டும் கைக்கு வரும். இத்தகைய குடும்பத்துக்கு, பெற்றோரின் வேலையைவிடப் பிள்ளையின் கல்லூரி இடம் பெரியது என்றால் அதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அதற்கும் காலம் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவன் மீது இரட்டைச் சுமை ஏறும். போவதென்றால் ஐந்தாம் வகுப்புக்குள் போக வேண்டும்.

சொந்த மண்ணில் யாரும் நம்மை வெளியூர்க்காரன் என்று சொல்ல மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். 1966-இல் சிவசேனை பிறந்த காலத்தில் தென்னிந்தியர்கள் மீது காட்டிய வெறுப்பை அனுபவித்த தலைமுறைக்கு இந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் மண் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொந்தமாவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின்தான் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க நீதிபதி சந்துரு குழு அமைந்தது. தாராவியில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். தெருவுக்குத் தெரு சங்கம் இருக்கிறது. என்றாலும் பொங்கலன்று தொண்ணூறடி ரோட்டில் வரிசையாகப் பானை வைக்கும் ஊருக்கும், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தால் மாணவனை அடையாளம் காணும் ஊருக்கும் வித்தியாசம் உண்டு. வேலை கேட்டுப் போகிறவனிடம் எந்தத் தெரு என்று விசாரிக்கும் ஊரில், இரண்டாவது வேலை பாதிப் பேருக்கு எப்போதுமே இல்லை.

வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர்கள் எங்கும் இருக்கலாம் என்கிறார்கள். அலுவலகம் திரும்ப அழைக்கும் நாள் வரை சரி. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என் அளவுகோல் பொருந்தாது. அவர்கள் மருத்துவமனையையும் பிள்ளைகள் வந்துபோகும் தூரத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். கோவையில் முதலாவது குறையில்லாமல் இருக்கிறது.

என் முடிவு இதுதான். கைத்தொழிலோ தொழில்நுட்பப் படிப்போ உள்ள, நாற்பதுக்குள் இருக்கும், இருவரும் உழைக்க விரும்பும் குடும்பத்துக்குக் கோயம்புத்தூர் தகுதியான ஊர். திருச்சிக்கு, பெல்லைச் சாராத வேலையை உறுதி செய்துகொண்டு போகலாம். நெல்லைக்கு இப்போதைக்குப் பிள்ளையின் படிப்பை முன்னிட்டு மட்டுமே, அதுவும் கிராமத்துக்கு அல்லாமல் நகரத்துக்கு. எந்த ஊரானாலும் முதலில் வாடகைக்கு ஓராண்டு இருந்து பாருங்கள். அதுவரை மும்பையில் உள்ள இடத்தையும், கணக்கெடுப்பில் பதிந்த உரிமையையும் விட்டுவிடாதீர்கள். முடிவெடுக்கும் அன்று வீட்டுப் பெண்களை உட்கார வைத்து, அங்கே போய் என்ன வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வேலை அந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று நேரில் போய் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.