பதினான்காவது வரி

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறைக்கு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கூடத்தில் சார்ட் பேப்பரை விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் ப்ராஜெக்ட். தலைப்பு 'நான் யார்?'. 'நான்' என்று தொடங்கி இருபது வாக்கியம் எழுத வேண்டும், ஓரத்தில் படம் ஒட்ட வேண்டும். பத்து மதிப்பெண்.

"மாமா, ரஃப் நோட்டுல எழுதிட்டேன். தப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க."

நான் ஒரு மாணவி, நான் என் பெற்றோருக்கு ஒரே மகள், நான் மதுரைக்காரி என்று போய்க்கொண்டிருந்தது. பதினான்காவது வரியில் நின்றேன். 'நான் மாமா மாதிரி வருவேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி வரணுமா என்று தெரியவில்லை.'

அந்த மாமா நான்தான். சிரித்தேன். பிறகு, "இதை எடுத்துடும்மா. மிஸ் படிச்சா வீட்ல ஏதோ பிரச்னைன்னு நினைப்பாங்க" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சார்ட்டில் அந்த இடத்தில் 'நான் ஒரு நல்ல பொறியாளராக வருவேன்' என்ற வரி வந்தது. பக்கத்தில் ஒரு லேப்டாப் படமும் ஒட்டினாள். பத்துக்குப் பத்து வந்திருப்பதாக அடுத்த வாரம் அக்கா வாட்ஸப்பில் எழுதியிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. பதிலைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இல்லாதவனுக்கு ஒரு குழந்தையிடம் 'நீ யார்?' என்று கேட்க உரிமை உண்டா?

இந்த இருபது வாக்கியப் பயிற்சி பழையது. மேன்ஃபோர்டு குன், தாமஸ் மெக்பார்ட்லேண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் முதலில் மாணவன், மகள், இன்ன மதம் என்று ஊரே ஒப்புக்கொள்ளும் பதில்களைத் தீர்த்துவிடுகிறார்கள். அவை காலியான பிறகுதான் அவரவருக்கு மட்டுமே தெரிந்த பதில்கள் வருகின்றன. அதாவது அந்தப் பதினான்காவது வரிக்கு வருவதற்குத்தான் முந்தைய பதின்மூன்றும். இன்னொன்றும் முக்கியம். வேறு யாரிடமோ சொல்வதாக நினைக்காமல் உனக்கு நீயே சொல்லிக்கொள்வதுபோல எழுது என்பது அவர்கள் கொடுத்த அறிவுறுத்தல்களில் ஒன்று. பத்து மதிப்பெண் போட்ட கணத்திலேயே அந்த அறிவுறுத்தல் செத்துவிடுகிறது.

எங்கள் தொழிலில் இது தினசரி அனுபவம். ஒரு படிவத்தில் ஏதாவது ஒரு கட்டத்தைக் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு வைத்தால், பதில் தெரியாதவர்கள் போய்விடமாட்டார்கள். ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். தரவுத்தளம் நிறைந்திருக்கும், உள்ளே பாதி பொய்யாக இருக்கும். 'தெரியவில்லை' என்ற தேர்வைக் கொடுக்காதது படிவம் செய்தவனின் தவறு. இதை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான்தான் அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தத் தேர்வை அழிக்கச் சொன்னேன்.

வளரிளம் பருவம் என்றாலே 'அடையாள நெருக்கடி' என்கிறோமே, அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902இல் பிறந்த அவருக்குப் பெற்ற தந்தை யாரென்றே தெரியாது. வளர்ப்புத் தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரில் வளர்ந்தார். 1939இல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். இளமையில் தேடிப் பார்ப்பதற்கு, முடிவைத் தள்ளிப்போடுவதற்கு ஓர் அவகாசம் வேண்டும் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் மொரட்டோரியம். 2020 கொரோனாவில் வீட்டுக்கடன் தவணைக்கு ரிசர்வ் வங்கி கொடுத்ததே, அதே சொல். தவணைதான் நின்றது, வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. நம் வீடுகளிலும் பிள்ளைகளுக்கு இதே கணக்குதான். "யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல" என்போம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் வட்டியைக் கேட்போம்.

எரிக்சனை ஒட்டி ஜேம்ஸ் மார்சியா 1966இல் நான்கு நிலைகளைப் பிரித்தார். அதில் ஒன்று, தேடாமலே முடிவை ஏற்றுக்கொண்ட நிலை. படித்தபோது என் ஜாதகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று அப்பா விண்ணப்பத்தில் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். இதை ஒரு சோகக் கதையாகச் சொல்லவில்லை. என் வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் பிடித்ததால் இருக்கிறேனா, இருந்ததால் பிடித்துப்போனதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதினான்கு வயதில் அக்கா மகள் எழுதிய வரியை முப்பத்தைந்து வயதிலும் என்னால் எழுத முடியவில்லை. வாத்தியாருக்குப் பயந்தா அதை அழிக்கச் சொன்னேன்? என்னைப் பற்றிய சந்தேகம் வேறொருத்தி கையெழுத்தில் இருந்தது. அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு இருக்கிறது. 1896இல் அங்கே ஒரு வீட்டில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் இருந்தான். பாடம் படிக்காததற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது முறை எழுதும்போது நோட்டை மூடிவிட்டான். அண்ணனுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். அந்தச் சீட்டு 'நான்' என்று தொடங்கி, அடுத்து 'இது' என்று மாறும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பின்னாளில் அவர் ரமணர் ஆனார், 'நான் யார்?' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எல்லாப் பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போகட்டும் என்று நான் சொல்லவில்லை, அக்கா என்னைக் கொன்றுவிடுவாள். அந்தக் கேள்வியை அவனுக்கு யாரும் ஹோம்வொர்க்காகக் கொடுக்கவில்லை என்பதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கொடுத்த ஹோம்வொர்க் வேறு.

பள்ளி இப்படிக் கேட்கவே கூடாதா? கேட்கலாம். மதிப்பெண் வேண்டாம், சுவரில் ஒட்ட வேண்டாம். 'தெரியவில்லை' என்பதையும் ஒரு பதிலாக வாங்கிக்கொண்டால் போதும்.

போன வாரம் அவளுக்கு ஃபோன் செய்து, அன்றைக்கு அந்த வரியை எடுக்கச் சொன்னது தப்பு என்றேன்.

"எந்த வரி?" என்றாள். ஞாபகப்படுத்தினேன். "ஓ, அதுவா. அதெல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சு மாமா. இப்ப டென்த்துல டெஸ்ட் மேல டெஸ்ட்."

உண்மையிலேயே முடிந்துபோனதா, எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதென்று சொன்னாளா, தெரியவில்லை. அடுத்த ஜூனில் குரூப் எடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் மறுபடி 'மாமா மாதிரி' என்பார்கள். அன்றைக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும். லீவு சொல்லிவிட்டேன்.